மூசி ரோவர்ஸுக்கு ஒரு டைரக்டர்

மூசி ரோவர்ஸ் கால்பந்துக் கிளப்பில் யாருக்கு மேலே யார் என்பது யாருக்கும் தெரியாது. தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர். அந்த மூன்று பேருக்கும் சந்தேகம் வந்தால் போன் வருவது ரோஸ்லினுக்கு.

ஜனவரி மாதத்துக் காலை. போலாரத்தில் பனி இறங்கி மைதானத்துப் புல் நனைந்து கிடந்தது. மைதானம் பழைய மிஷன் பள்ளிக்கூடத்துடையது. கிளப் வாடகைக்கு எடுத்திருந்தது. ஆட்டக்காரர்கள் வாயில் பனிப்புகை விட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். ரோஸ்லின் காலரிக்குப் பின்னாலிருந்த ஆபீஸ் அறை வாசலில் நின்று முட்டைக்காரனோடு தெலுங்கில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டக்காரர்களுக்கு வந்த முட்டையில் பாதி உடைந்து தட்டிலிருந்து ஒழுகியது. "நேத்து நல்லாத்தானே வந்தது மேடம்" என்பதையே அவன் திருப்பித் திருப்பிச் சொன்னான். அந்த நேரத்தில்தான் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

ஆங்கிலத்தில் பேசியவன் தன் பெயர் இம்மானுவேல் என்றான். கானா தேசத்திலிருந்து வந்திருக்கிறானாம். ஷம்ஷாபாத் விமான நிலையத்தில் விடிவதற்கு முன்பிருந்து நிற்கிறானாம். கூப்பிட யாரும் வரவில்லையாம்.

"எந்த இம்மானுவேல்?"

"உங்கள் புது டிஃபெண்டர், மேடம்."

ரோஸ்லின் முட்டைக்காரனை அப்படியே விட்டுவிட்டு மைதானத்துக்குள் இறங்கினாள். தினேஷ் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவன் கிளப்பின் ஹெட் கோச். அதைவிட முக்கியம், ரோஸ்லினுடைய கணவன் சம்பந்தத்தின் தம்பி. இவர்கள் வீட்டு மாடியிலேயே மனைவியோடு குடியிருப்பவன்.

"தினேஷ், கானாவுலேர்ந்து யாரையாச்சும் வரச் சொன்னியா?"

"கானாவா? நான் கேட்டது ஒரு லெஃப்ட் பேக் அண்ணி. அதுவும் போன வருஷம். சேர்மன் எடுத்திருப்பாரு."

சேர்மன் ராவ் காருவுக்குப் போன் போட்டாள். சிமெண்ட் குழாய் செய்கிற பெரிய தொழிற்சாலைக்காரர். கல்லூரிக் காலத்தில் கோல்கீப்பராக நின்றவர், அந்த ஆசையில் கிளப் ஆரம்பித்தவர். "கோச் கேட்டார்னு சந்தீப் சொன்னானேம்மா?" என்றார். சந்தீப் அவருடைய மகன். அவனுக்குப் போட்டாள். "நான் வீடியோவை ஃபார்வர்ட் மட்டும்தான் பண்ணேன் ஆன்ட்டி. டாடிதான் ஓகே சொன்னார்" என்றான் அவன், தூக்கக் கலக்கத்தில்.

வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு லீக் அனுமதித்த இடங்கள் ஏற்கெனவே நிரம்பிவிட்டன. வந்தவனை ஆட வைக்கவே முடியாது. இது அந்த மூன்று பேருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவன் விமானத்தில் ஏறி வந்து இறங்கியிருக்கிறான்.

அவனைப் போய் அழைத்து வந்து ஒரு வாரம் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்டாள் ரோஸ்லின். சம்பந்தத்துக்கு அவனைப் பிடித்துப்போனது. காஞ்சன்பாக் பாதுகாப்புத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் வேலை செய்பவர் அவர். காலையில் கம்பெனி பஸ் பிடித்து ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய், இருட்டும்போது திரும்பி வருவார். வந்ததும் இம்மானுவேலை உட்கார வைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தொழிற்சாலை டீமில் தான் போட்ட கோல்களைப் பற்றிச் சொல்லுவார். அவன் எல்லாவற்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டினான். ஊருக்குத் திரும்பும் அன்று ரோஸ்லினிடம், "மேடம், உங்கள் கிளப்பில் பாஸ் யார்?" என்று மட்டும் கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். அவளுக்கு அழுகை வந்தது.

"எங்க ஃபேக்டரில ஒரு திருகாணி தப்பா போனாலும் யாரு கையெழுத்துல போச்சுன்னு சொல்லிடலாம்" என்றார் சம்பந்தம். "நீங்க இன்னாடான்னா ஒரு முழு மனுஷனையே வரவழைச்சுட்டு யாரு வரவழைச்சதுன்னு தேடிக்கினு கீறீங்க."

"கைக்கு, எதுக்கு என்னைக் கேக்கறீங்க? நான் முட்டைக்குப் பில் போடறவ."

அது முழு உண்மை இல்லை. ரோஸ்லின் இளவயதில் மாநிலப் பெண்கள் அணியில் நடுவரிசையில் ஹாஃப் ஆடியவள். கிளப்பில் அட்மின் மேனேஜர் என்று பெயரே தவிர, போன வருஷம் ஜெனரல் மேனேஜர் சொல்லாமல் கொள்ளாமல் போனதிலிருந்து எல்லாம் அவள் தலையில்தான். விசா, ஆஸ்பத்திரி, பஸ், ஒப்பந்தம் முடிகிறவனின் அம்மாவைச் சமாதானப்படுத்துவது, எல்லாமே. பதினேழு வயதுப் பையன்களின் ஆட்டம் எங்கே நடந்தாலும் ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்து பார்ப்பாள். இப்போது முதல் அணியில் ஆடுகிறவர்களில் சிலரை அப்படிக் கண்டுபிடித்தவளும் அவளே. ஆனால் அது யார் வேலை என்று கேட்டால் யாருடைய வேலையும் இல்லை.

இம்மானுவேல் விவகாரம் ஏதோ ஒரு பத்திரிகையில் வந்துவிட்டது. ராவ் காருவுக்கு மானம் போய்விட்டது. "இனி எல்லாம் ப்ரொஃபஷனலாக" என்று அறிவித்தார். அப்படித்தான் அனந்தராமன் வந்து சேர்ந்தார்.

கம்பெனிகளுக்குப் பெரிய பதவி ஆட்களைத் தேடிக் கொடுக்கிற தொழில் அவருக்கு. திருச்சிக்காரர், குகட்பள்ளியில் வீடு. முதல் நாள் டிராஃபிக்கில் மாட்டி, சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள வந்து இறங்கினார். ரோஸ்லின் தமிழ் பேசுகிறாள் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்தது.

"மேடம், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இங்க ப்ளேயரை எடுக்கறது யாரு?"

"எந்தக் கெழமைன்னு சொன்னா சொல்லலாம் சார்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டார். வெள்ளைப் பலகையைத் துடைத்துவிட்டுக் கட்டங்கள் போட்டார்.

"பாருங்க. மேல ஓனர். அவருக்குக் கீழ ரெண்டு கை. ஒரு கை சி.இ.ஓ. டிக்கெட், ஸ்பான்சர், மைதானம், சம்பளம் எல்லாம் அவர். இன்னொரு கை ஸ்போர்ட்டிங் டைரக்டர். யாரை வாங்கறது, யாரை விடறது, கோச் யாரு, சின்னப் பசங்களை எப்படி வளர்க்கறது, அது பூரா அவர். கோச் அவருக்குக் கீழ. கோச்ங்கறவர் இன்னிக்கு இருப்பார், நாலு மேட்ச் தோத்தா போயிடுவார். டைரக்டர் நிக்கணும். நம்ம டீம் எப்படி ஆடணும்ங்கறது அவர் மனசுல இருக்கணும். கோச் மாறினாலும் ஆட்டம் மாறக்கூடாது. உலகத்துல உருப்படியா நடக்கற கிளப்பு பெரும்பாலும் இப்படித்தான்."

"அப்ப மொதல்ல டைரக்டர், அப்பறம்தான் கோச்."

"கரெக்ட்."

"எங்ககிட்ட கோச் இருக்காரே."

"அதான் சிக்கல்" என்றார் அனந்தராமன். "குடி வெச்சப்பறம் அஸ்திவாரம் போடற கதை. வர்ற டைரக்டருக்கு அந்த கோச்சைப் பிடிச்சா சரி. பிடிக்கலைன்னா மாத்த அவருக்கு உரிமை இருக்கணும்."

ரோஸ்லின் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் ஓரத்தில் தனியாக ஒரு சின்னக் கட்டம். அதிலிருந்து புள்ளி புள்ளியாகக் கோடு.

"அது யாரு?"

"சந்தீப் சார். புள்ளிக்கோடுன்னா ஆலோசனை சொல்லலாம், முடிவு எடுக்க முடியாது."

"அது அவருக்குத் தெரியுமா?"

அனந்தராமன் மார்க்கரின் மூடியைத் தேடினார். "அவங்க அப்பா சொல்லுவார்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

மூடி மேஜைக்கு அடியில் கிடந்தது. அதைக் குனிந்து எடுக்க அவர் நிறைய நேரம் எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி, மார்ச் முழுக்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கார் அனுப்புவதும் காபி கொடுப்பதும் ரோஸ்லினே. ஒருவர் மடிக்கணினியைத் திறந்து ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் எத்தனை தப்படி வைத்தார் என்பதைச் சொல்ல ஆரம்பித்து மதியச் சாப்பாடு வரை நிறுத்தவில்லை. இன்னொருவர் பெங்களூரிலேயே இருந்துகொண்டு போனில் நடத்துவதாகச் சொன்னார். மூன்றாவதாக வந்த உமேஷ் புனேக்காரர், விஷயம் தெரிந்தவர். நாள் முழுக்க மைதானத்தில் நின்று பார்த்தார். சின்னப் பையன்களின் பயிற்சியையும் பார்த்தார். எல்லோருக்கும் பிடித்துப்போனது. ராவ் காரு வீட்டில் பிரியாணி விருந்து. பாதிச் சாப்பாட்டில் உமேஷ் கேட்டார்: "நான் வேண்டாம் என்று சொல்கிற ஆட்டக்காரரை நீங்கள் வாங்குவீர்களா?"

ராவ் காரு மகனைப் பார்த்தார். "அது சிச்சுவேஷனைப் பொறுத்தது" என்றான் சந்தீப்.

உமேஷ் பிரியாணியைச் சுத்தமாகச் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். விமானத்துக்கு நேரமாகிறது என்றார். காரில் ஏறும்போது ரோஸ்லினிடம், "சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிவிடுங்கள்" என்றார். அவ்வளவுதான். அவர் திரும்பி வரவில்லை.

ஏப்ரலில் சீசன் முடிந்தது. கடைசி ஆட்டத்தில் டிரா செய்து, கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் மயிரிழையில் தப்பினார்கள். அதன் பிறகு ஒரு நாள் ராவ் காரு போன் செய்தார். ஊரெல்லாம் தேடியும் ஆள் அகப்படவில்லை, அனந்தராமன் ஆரம்பத்திலிருந்தே உன் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார், நீயே டைரக்டராக இரேன் அம்மா என்றார். ரோஸ்லின் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி காதில் வைத்து, சரி என்றாள்.

வீட்டில் திருவிழா. ஞாயிற்றுக்கிழமை சம்பந்தமே அடுப்படியில் இறங்கி மட்டன் தால்ச்சா செய்தார். சுரைக்காயை எந்தப் பருவத்தில் போடுவது என்பதில் அவர் யாரையும் நம்ப மாட்டார். வெளியே வெயில் தகித்தது. கூலர் தண்ணீர் தீர்ந்து சூடான காற்றை வீசியது. மகள் சாஹித்யா வாளியோடு ஓடினாள். தினேஷும் அவன் மனைவி தாரிணியும் மாடியிலிருந்து பாயசத்தோடு இறங்கி வந்தார்கள். தாரிணி ஈரோட்டுப் பெண். ஹைடெக் சிட்டியில் சாஃப்ட்வேர் வேலை. போலாரத்திலிருந்து போய் வருவதிலேயே பாதி உயிர் போகிறது என்று குகட்பள்ளியில் வீடு பார்க்கச் சொல்லி வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள். தினேஷ்தான் அண்ணனை விட்டு நகர மாட்டேன் என்பான்.

"இனிமே கவலையே இல்லீங்க்கா" என்றாள் தாரிணி. "போன சீசன் முச்சூடும் இவரு தூங்குனதே இல்லீங்க. யாரு எப்ப போன் பண்ணித் திட்டுவாங்கன்னே தெரியாது. இனி உங்க ஒருத்தருக்குப் பதில் சொன்னாப் போதுமுங்களே."

"ஹவ், ஆமா" என்றான் தினேஷ், எலும்பை உறிஞ்சிக்கொண்டே. "அண்ணி, மொத வேலையா அந்த லெஃப்ட் பேக்கை எடுத்துடுங்க. அடுத்த சீசன் பாருங்க."

ரோஸ்லின் அவன் தட்டில் இன்னொரு கரண்டி தால்ச்சா ஊற்றினாள். கடைசி ஆட்டம் அவள் கண்முன்னே ஓடியது. கேப்டன் பிரசன்னா கால் இழுத்துக்கொண்டு நின்றான். எதிரணிக்காரன் அவனைத் தாண்டித் தாண்டிப் போனான். பெஞ்சில் இளம் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். தினேஷ் ஆட்டம் முடியும்வரை பிரசன்னாவை வெளியே எடுக்கவில்லை. பிரசன்னாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து வளர்த்தவன் தினேஷே. அந்த அணியில் பாதிப் பேர் அப்படித்தான். சின்னப் பையன்களுக்கு அவனைப் போல வாத்தியார் கிடைக்க மாட்டார். வளர்ந்தவர்களிடம் 'நீ இன்று வேண்டாம்' என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. போன வருஷம் வெளிநாட்டு கோச் பாதியில் ஓடியபோது, இருக்கட்டும் என்று அவனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அப்புறம் மறந்துபோனார்கள்.

மறுநாள் ராவ் காருவின் சைனிக்புரி வீட்டுக்குப் போனாள். ஏ.சி. அறை. மோர் வந்தது. வாழ்த்துச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமினார். தெலுங்கில்தான் பேசினார்.

"ஒரு சின்ன விஷயம்மா. தினேஷ். நல்ல பையன்தான். ஆனா ரிசல்ட் வரலையே. சந்தீப் போர்ச்சுக்கல்ல ஒரு கோச்சோட பேசிட்டான். கிட்டத்தட்ட முடிஞ்சுது. நான் கூப்பிட்டுச் சொன்னா தினேஷ் மனசு கஷ்டப்படுவான். நீ வீட்டு மனுஷி. பக்குவமா எடுத்துச் சொல்லிடுவே."

ரோஸ்லின் மோர்த் தம்ளரை மேஜைமேல் வைத்தாள்.

"இதுக்குத்தான் என்னைப் போட்டீங்களா?"

"சே சே, அப்படி இல்லம்மா."

"அப்படித்தான் சார். புனேக்காரர் வந்திருந்தா அவர் தலையில கட்டியிருப்பீங்க. அவர் பொழச்சுப் போயிட்டார். இப்ப நான் அகப்பட்டேன். கோச்சைத் தேடறது சந்தீப். முடிவு பண்றது நீங்க. வீட்டுல போய்ச் சொல்லி எல்லார்கிட்டயும் ஏச்சு வாங்கறது டைரக்டர். இதுக்கு அனந்தராமன் எதுக்கு சார், பலகையில கட்டம் எதுக்கு? முன்னாடி இருந்ததே போதுமே!"

அவளுக்கே குரல் உயர்ந்தது கேட்டது. சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ராவ் காரு கோபப்படவில்லை. தலைமுடியைக் கோதிக்கொண்டு, கோல் விட்ட கோல்கீப்பரைப் போல உட்கார்ந்திருந்தார்.

"இப்ப என்ன செய்யணும்கிறே?"

"போர்ச்சுக்கல்காரர்தான் வரணும்னா நீங்களே தினேஷைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. நான் பழையபடி முட்டை வாங்கறேன். நான்தான் டைரக்டர்னா கோச்சை நான் பாக்கறேன், நான் எடுக்கறேன். ப்ளேயரையும் அப்படித்தான். என் கையெழுத்து இல்லாம யாரும் வரக் கூடாது, போகக் கூடாது. சந்தீப் எவ்வளவு வேணும்னாலும் வீடியோ அனுப்பட்டும். பாக்கறேன்."

"தினேஷ் இருப்பானா?"

"அதை நான் முடிவு பண்ணி அவன்கிட்ட சொல்றேன். உங்களுக்காகச் சொல்ல மாட்டேன்."

ராவ் காரு தன் மோரைக் குடித்து முடித்தார். கடைசியில் சரி என்றார். சந்தீப்பிடம் தானே சொல்வதாகவும் சொன்னார். ரோஸ்லின் அதை முழுதாக நம்பவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வெயிலில் வந்தாள். அனல் முகத்தில் அறைந்தது. ஹெல்மெட்டுக்குள் யாரையோ திட்டிக்கொண்டே வந்தாள். யாரை என்று கேட்டால் அவளுக்கே வரிசை சொல்லத் தெரிந்திருக்காது.

தினேஷிடம் வீட்டில் வைத்துச் சொல்லவேண்டாம் என்று தீர்மானித்தாள். வீட்டில் சொன்னால் அண்ணி சொன்னதாகிவிடும். மறுநாள் சாயங்காலம், பதினேழு வயதுப் பையன்கள் பயிற்சி முடித்துப் போன பிறகு, மைதானத்தில் பயிற்சிக்கு வைத்த பிளாஸ்டிக் கோன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த தினேஷிடம் போனாள். அவளும் குனிந்து நாலைந்து பொறுக்கினாள்.

"தினேஷ், அடுத்த சீசன் நீ ஹெட் கோச் இல்ல."

அவன் நிமிரவில்லை. கையிலிருந்த கோன்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான்.

"சேர்மன் சொன்னாரா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வீட்டில் யாரும் அவளை நோக மாட்டார்கள். பொய்யும் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நான் சொல்றேன்" என்றாள்.

"நீங்களா?"

"நான்தான். பிரசன்னா ஓட முடியாம நின்னான். நீ பாத்துக்கினே நின்னே."

"அவன் கேப்டன் அண்ணி. கடைசி மேட்ச். எடுத்தா அவனுக்கு மானம் போயிருக்கும்."

"அதான்டா சொல்றேன். அவன் மானத்தைப் பாத்தே. பெஞ்சுல குந்திக்கினு இருந்த பையன் உன்னையே பாத்துக்கினு இருந்தான், அவனை நீ பாக்கல."

தினேஷ் இப்போது நிமிர்ந்தான். முகம் கறுத்துப்போயிருந்தது. "கேட்ட ப்ளேயரை ஒருத்தன் எடுத்துக் குடுத்தானா? லெஃப்ட் பேக் கேட்டா சென்டர் பேக் வரான், அதுவும் ஏர்போர்ட்ல வந்து அநாதையா நிக்கறான். மேட்ச் நடுவுல சந்தீப் மெசேஜ் அனுப்பறான், இவனை எறக்கு அவனை எறக்குன்னு. அதெல்லாம் உங்களுக்குத் தெரியாதா? உங்களுக்குத் தெரியாம எது நடந்துச்சு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் என்னை எடுக்கறீங்க."

"ஆமா. அதெல்லாம் சரியா இருந்திருந்தாலும் நீ பிரசன்னாவை எடுத்திருக்க மாட்டே. அது உனக்கும் தெரியும். பசங்க டீம் பூராவும் நீ எடுத்துக்கோ. அகாடமி ஹெட். நான் இருக்கற வரைக்கும் அதுல யாரும் கை வைக்க மாட்டாங்க."

"நக்கோ, வேணாம் அண்ணி." அவன் கோன் அடுக்கைத் தரையில் வைத்தான். "மேல இருந்து எறக்கி விட்டவன்னு அந்தப் பசங்க முன்னால நான் நிக்க மாட்டேன்."

விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான். பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில் அவன் பைக் கிளம்புகிற சத்தம் கேட்டது. மிச்சக் கோன்களை ரோஸ்லின் தனியாகப் பொறுக்கினாள்.

அதன் பிறகு வீடு வீடாக இல்லை. தாரிணி ரோஸ்லினோடு பேசுவதை நிறுத்தினாள். சொல்லவேண்டியதை சாஹித்யாவிடம் சொல்வாள், ரோஸ்லின் அதே அறையில் நின்றாலும். "சாஹி, மோட்டார் போட்டாச்சான்னு உங்கம்மாவக் கேளு." சாஹித்யா தமிழ் புரிந்தும் தெலுங்கில்தான் பதில் சொல்லுகிறவள், அவளுக்குத் தலை சுற்றியது. "மீரு மீரே மாட்லாடுகோண்டி, ப்ளீஸ்!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள், நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று.

சம்பந்தம் ஒரு வாரம் பொறுத்தார். ஒரு நாள் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"வேற வழியே இல்லியா ரோஸி?"

"இருந்துச்சு. சேர்மன் சொன்னாருன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அப்பறம் நாளைக்கு வேற ஒருத்தனை எடுக்கணும்னா? அப்பவும் சேர்மன் சொன்னாருன்னு சொல்லணும். அதுக்கு எதுக்கு இந்த வேலை எனக்கு?"

"உன் வேலை, உன் கிளப்பு. அவன் என் தம்பி."

"எனக்கு மட்டும் யாரு? கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப உங்க ஜனத்துல ஒருத்தர் என்னோட பேசல. கிறிஸ்டியன் பொண்ணுன்னு. அவன் ஒருத்தன்தான் ஸ்கூல் விட்டு வந்தா பந்தைத் தூக்கிக்கினு வந்து, ஆட வாங்க அண்ணின்னு கூப்பிட்டான். பேசாம இருங்க. நானே நொந்து பரேஷானா இருக்கேன்."

சம்பந்தம் சட்டையை மாட்டுகிற ஆணியில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய், காலையில் வைத்த குழம்பைச் சூடு பண்ணி அவளுக்கும் ஒரு தட்டு போட்டார்.

ஜூன் முதல் வாரத்தில் தினேஷுக்குக் குகட்பள்ளிப் பக்கம் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் கால்பந்துப் பயிற்சி வேலை கிடைத்தது. தாரிணி அன்றைக்கே வீடு பார்த்துவிட்டாள். ரோஸ்லின் கோச் பதவிக்கு வந்தவர்களைப் பேட்டி எடுத்து முடித்திருந்தாள். ஷில்லாங்கிலிருந்து வந்த ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்தாள். போர்ச்சுக்கல்காரரையும் வீடியோவில் கூப்பிட்டு ஒழுங்காகத்தான் பேசினாள். அவருக்கு மூசி ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

சாமான் ஏற்றுகிற அன்று காலையில் மழை பிடித்துக்கொண்டது. வேனோடு வருவதாகச் சொன்ன கூலியாட்கள் வரவில்லை. டிரைவர் சாமானில் கை வைக்க மாட்டேன் என்றான். சம்பந்தம் கட்டிலின் கால்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து ஃபிரிட்ஜை இறக்க ஆள் இல்லை. ரோஸ்லின் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேலே போனாள்.

"நீங்க வேணாம் அண்ணி" என்றான் தினேஷ். அந்த மாதம் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"புடிடா."

அவன் கீழ்ப்பக்கம், அவள் மேல்பக்கம். படிக்கட்டு குறுகல். சாரல் அடித்துப் படி வழுக்கியது. திருப்பத்தில் ஃபிரிட்ஜ் சுவரை உரசிக்கொண்டு நின்றபோது மேலே மாடியில் ரோஸ்லினுடைய போன் அடித்தது. சாஹித்யா எடுத்துப் பார்த்துவிட்டு, "ராவ் காரு" என்று படியில் இறங்கி ஓடி வந்து அம்மாவின் காதில் வைத்தாள்.

ராவ் காருவின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. சந்தீப் துபாய்க்குப் போனானாம். அங்கே ஒரு ஸ்ட்ரைக்கர் கிடைத்தானாம். நல்ல பையனாம். சந்தீப் ஆசைப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டானாம்.

"யாரு கையெழுத்து போட்டது சார்?"

"சந்தீப்தாம்மா."

"என் கையெழுத்து இருக்கா?"

"அதான் உன்கிட்ட சொல்றேன்."

"அப்ப அவர் வரல சார். டிக்கெட் அனுப்பியிருந்தா கேன்சல் பண்ணச் சொல்லுங்க. அந்த ஆளுக்கு நானே போன் பண்ணி மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

"இன்ஸ்டாகிராம்ல போட்டாச்சும்மா. போட்டோவோட. எல்லாரும் லைக் போடறாங்க."

"எடுத்துடச் சொல்லுங்க."

"ஜனங்க சிரிப்பாங்களேம்மா."

"இம்மானுவேல் ஏர்போர்ட்ல நின்னப்ப சிரிச்சதைவிடக் கம்மியாத்தான் சிரிப்பாங்க. நான் சொல்லிட்டேன் சார். இதுல நீங்க பின்வாங்கினா இன்னிக்கே வேற டைரக்டர் பாத்துக்கோங்க. அனந்தராமன் நம்பர் உங்ககிட்ட இருக்கு."

ஃபிரிட்ஜின் ஓரம் ரோஸ்லினின் விரல்களை அறுத்தது. கடைசியில் ராவ் காரு, "சரிம்மா, எடுக்கச் சொல்றேன்" என்றார். சாஹித்யா போனை எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

தினேஷ் முழு எடையையும் தோளில் தாங்கிக்கொண்டு கீழே நின்றான். மழைத்தண்ணீர் அவன் நெற்றியில் வழிந்தது.

"ஸ்ட்ரைக்கரா?"

"ம்."

"எப்பிடி ஆடுவான்?"

"தெரியாது. நான் பாக்கலியே."

"பாக்காமலே வேணாம்னுட்டீங்க."

"பாக்காமலே எடுத்தாங்க இல்ல?"

தினேஷ் சிரிக்கப் பார்த்தான். பாதியில் அது நின்றுபோனது. ஃபிரிட்ஜுக்கு மேலே தெரிந்த அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"நான் கோச்சா இருந்தப்ப மேல இப்பிடி ஒருத்தர் இல்லியே அண்ணி."

ரோஸ்லின் ஃபிரிட்ஜின் விளிம்பை மாற்றிப் பிடித்தாள். மேல்படியில் தாரிணி கையில் மிக்ஸியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் கேட்டாளா என்று தெரியவில்லை.

"அக்கா, கால் பாத்து வைங்க" என்றாள் தாரிணி. "அந்தப் படி வழுக்கும்."

"சரி, தூக்குங்க" என்றான் தினேஷ். இருவரும் ஃபிரிட்ஜைச் சாய்த்து, சுவரில் இடிக்காமல் திருப்பத்தைத் தாண்டி இறக்கினார்கள்.